டெல்லியைத் தொடாமல் காஷ்மீருக்கு: 1974 அம்பாசிடரின் பயணக் குறிப்புகள்

திங்கள்: கன்னியாகுமரி – திண்டுக்கல்

முதலில் வண்டியைப் பற்றி. 1974 மாடல் அம்பாசிடர், மார்க் 2. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். கியர் லிவர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். நான்கு கியர், முதல் கியரில் சிங்க்ரோ (கியர்ப் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது, வண்டி முழுதாக நின்றால்தான் சத்தமில்லாமல் விழும். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஏசி இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை. முன் சீட் ஒரே பெஞ்சு. ஓட்டுவது நானும் சித்தப்பாவும். சித்தப்பா அரசு பஸ் டிப்போ ஒன்றில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பயணத்தில் அவர்தான் கேப்டன்.

கிளம்புவதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்தோம். ஒன்று, பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றினோம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. ஊறி, உப்பி, கடைசியில் விண்டுவிடும். பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வையும் புதிதாகப் போட்டாயிற்று.

இன்னொன்று காகித வேலை. 50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு கௌரவமாக இருக்கும். எங்கள் வண்டிக்கு அந்த வயது ஆகிவிட்டது. ஆனால் அப்படிப் பதிவு செய்தால் கண்காட்சி, ராலி, ரிப்பேர் என்று சில காரியங்களுக்குத்தான் சாலையில் இறக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கௌரவம் வேண்டாம், ஓடினால் போதும் என்று சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டோம்.

தேசிய நெடுஞ்சாலை 44 ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கிறது. நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை, 3,700 கிலோமீட்டருக்கு மேல். தென்பாதிக்குப் பழைய பெயர் என்.எச். 7, இன்னும் பல லாரிக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

காவல்கிணறு, பணகுடி பக்கம் காற்றாலைகள் பெரும்பாலும் சும்மா நின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஜூனில்தான் வேகம் எடுக்கும், இது மார்ச். கோவில்பட்டிக் கரிசல் காடு அறுவடை முடிந்து வெறிச்சென்று கிடந்தது. அறுபது, அறுபத்தைந்து என்று சீராகப் போனோம். எல்லா வண்டியும் எங்களைத் தாண்டிப் போயின. முக்கால்வாசிப் பேர் தாண்டும்போது கையை ஆட்டினார்கள்.

மதுரை தாண்டியதும் முள் ஏறத் தொடங்கியது. டாஷ்போர்டுக்கு அடியில் சித்தப்பா தனியாக ஒரு டெம்பரேச்சர் மீட்டர் மாட்டியிருக்கிறார். கொடைரோடு பக்கம் அது 95-ஐத் தொட்டது. சமதளம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சாலை அங்கே மெல்ல ஏறுகிறது என்பதே அந்த முள் காட்டித்தான் தெரிந்தது. என் அன்றாடக் காரில் அதே சாலையில் பலமுறை போயிருக்கிறேன், ஒரு நாளும் உணர்ந்ததில்லை.

"நாளைக்கு நாமக்கல்ல ரேடியேட்டரைக் கழட்டிடலாம்" என்றார் சித்தப்பா. திண்டுக்கல்லில் தூக்கம்.

செவ்வாய்: திண்டுக்கல் – நாமக்கல் – ஓசூர்

முட்டைக்கும் லாரிக்கும் பெயர் போன ஊர் நாமக்கல். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் சாலை நெடுக இருக்கின்றன. வெறும் சேசிஸ் உள்ளே போய், கேபினும் தொட்டியும் பெயின்டுமாக வெளியே வரும். பாடி கட்டுபவர்களை ஒட்டியே லேத், ஸ்பிரிங், ரேடியேட்டர், எலெக்ட்ரிக்கல் என்று பட்டறைகள். பழைய வண்டிக்குக் கோளாறு வந்தால் நாமக்கல்லில் வர வேண்டும்.

ரேடியேட்டர் பட்டறைக்காரர் கேஸ் விளக்கின் சுடரை மேல் தொட்டியின் ஓரமாக நகர்த்திக்கொண்டே வந்தார். பழைய ஈயப் பற்று பளபளவென்று உருகி ஓடியது. ஒரு தட்டு தட்டியதும் பித்தளைத் தொட்டி மூடி தனியாக வந்துவிட்டது. உள்ளே பார்த்தால், தட்டையான சின்னச் சின்னக் குழாய் வாய்களில் மூன்றில் ஒன்று வெள்ளையாகக் காறை கட்டி அடைத்திருந்தது.

"போர் தண்ணி ஊத்துனீங்களா?"

"நாங்க ஊத்தலைங்க. வண்டியை வித்தவர் புண்ணியம்" என்றார் சித்தப்பா.

பட்டையான மெல்லிய கம்பியை ஒவ்வொரு குழாயாக விட்டு இறக்கினார். மேலிருந்து ஒரு முறை, திருப்பிப் போட்டுக் கீழிருந்து ஒரு முறை. வெள்ளைத் தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. நடுநடுவே தண்ணீர் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். எல்லாக் குழாயிலும் வெளிச்சம் தெரிந்த பிறகுதான் தொட்டியை வைத்து மறுபடி ஈயம் வைத்தார். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி, காற்று அடித்து, குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை.

இன்றைய கார்களில் ரேடியேட்டர் அலுமினியம், தொட்டி பிளாஸ்டிக். போனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவதுதான். இந்த மாதிரி பிரித்து மேயும் வேலை லாரிகளாலும் எங்களைப் போன்ற சில பேராலும்தான் உயிரோடு இருக்கிறது. "எங்க பையன் இதைக் கத்துக்கலை" என்று அவரே சொன்னார், வருத்தமாக எல்லாம் இல்லை, தகவலாக.

மதியத்துக்கு மேல் சேலம் தாண்டித் தொப்பூர். இறங்கி வரும் லாரிகள் பிரேக் பிடிக்காமல் விபத்தாகிற கணவாய் என்று செய்தித்தாளில் படித்த இடம். நமக்கு ஏற்றம். மூன்றாவது கியர் திணறி, இரண்டாவதுக்கு இறங்கி, இருபத்தைந்தில் ஊர்ந்தோம். முள் 85. அதற்கு மேல் ஏறவில்லை. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் மீட்டரைத் துணியால் துடைத்தார்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை இன்னொரு ஏற்றம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர். ராத்திரி ஜன்னல் வழியே குளிர் காற்று வந்தபோது அதை நம்ப முடிந்தது.

புதன்: ஓசூர் – கர்னூல்

அதிகாலை நான்கு மணிக்கே பெங்களூரைக் கடந்துவிட்டோம். ஹெட்லைட் மங்கல்தான், ஆனால் ஊருக்குள் தெருவிளக்கு இருக்கிறது. விடிந்த பிறகு அந்த ஊர் நெரிசலில் கிளட்சை மிதித்துக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பாகேபள்ளி தாண்டினால் ஆந்திரம். பெனுகொண்டா பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டியே கியாவின் கார் தொழிற்சாலை. 2019-ல் இங்கே உற்பத்தி தொடங்கியது. புத்தம் புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய டிரெய்லர்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. அதில் ஒரு டிரெய்லர் டிரைவர் எங்களுக்குச் சமமாக வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, தெலுங்கில் ஏதோ கேட்டார். "செவன்ட்டி ஃபோர்!" என்று சித்தப்பா கத்தினார். கேள்வி அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும், கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார்.

லேபாக்ஷி கோயில் பக்கத்தில்தான். போனோம். தரையில் முழுதாகப் பதியாத அந்தத் தூணுக்கு அடியில் துணியை விட்டு இழுத்துப் பார்க்க ஒரு பெரிய வரிசை. ஊருக்கு வெளியே ஒற்றைக் கல்லில் செதுக்கிய நந்தியின் கழுத்து மணிகளைப் பார்த்துக்கொண்டே நேரம் போனது தெரியவில்லை. அனந்தபூர் வட்டாரம் நாட்டிலேயே மழை குறைந்த பகுதிகளில் ஒன்று. குத்தி (Gooty) கோட்டை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. கர்னூலில் துங்கபத்திரை ஓரம் ரூம்.

வியாழன்: கர்னூல் – காமாரெட்டி

துங்கபத்திரையைத் தாண்டினால் தெலங்கானா. கொஞ்ச நேரத்தில் பீச்சுப்பள்ளியில் கிருஷ்ணா. பாலத்தில் எல்லோரும் வண்டியை மெதுவாக்கிக் காசு எறிகிறார்கள்.

ஜட்சர்லா நெருங்கும்போது மதியம் ஒரு மணி. எஞ்சின் இரண்டு முறை தும்மியது, அப்புறம் நின்றுவிட்டது. செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. முள் 88-லேயே நிற்கிறது, ரேடியேட்டரில் தப்பில்லை. சித்தப்பா பானெட்டைத் திறந்த உடனே சொல்லிவிட்டார்: "வேப்பர் லாக்."

பெட்ரோலில் லேசான பகுதிகள் சீக்கிரம் ஆவியாகும். பழைய வண்டியில் பெட்ரோல் பம்ப் எஞ்சினை ஒட்டியே இருப்பதால், அந்தச் சூட்டில் குழாய்க்குள்ளேயே ஆவி உருவாகிவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளத் தெரியாது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு எதுவும் போய்ச் சேராது. ஊசி மூலம் பெட்ரோல் பாயும் இன்றைய வண்டிகளில் டாங்கிலிருந்தே அழுத்தத்தோடு வருவதால் இந்தத் தொல்லை அனேகமாக ஒழிந்துவிட்டது.

வைத்தியம் ஊரறிந்தது. துண்டை நனைத்துப் பம்ப் மேல் சுற்றி, புளியமர நிழலில் உட்கார்ந்தோம். இருபது நிமிடத்தில் ஸ்டார்ட் ஆயிற்று. அதற்குப் பிறகு துண்டு அங்கேயே குடியேறிவிட்டது; ஒவ்வொரு டீக்கடையிலும் எனக்கு டீ, துண்டுக்குத் தண்ணீர்.

ஹைதராபாத்துக்குள் போகவில்லை. 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையில் பாதியைச் சுற்றி வடக்கே ஏறினோம். பிரியாணி சாப்பிடாமல் ஹைதராபாத்தைச் சுற்றிப் போன ஆள் என்று என்னை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

வெள்ளி: காமாரெட்டி – நாக்பூர்

கோதாவரி, அப்புறம் நிர்மல். அதற்கு வடக்கே தேக்குக் காட்டுக்குள் மலையேற்றம். மறுபடி இரண்டாவது கியர். பெண்கங்கையைத் தாண்டி மகாராஷ்டிரம். கோவில்பட்டியில் விட்ட கரிசல் மண் இங்கே திரும்பக் கிடைத்தது, பருத்திக் கட்டைகள் உட்பட.

ஒரு டோல்கேட்டில் ஃபாஸ்டேக் படிக்கவில்லை. பின்னால் ஹாரன். ஊழியர் கையில் இருந்த கருவியோடு வந்து, படித்துவிட்டு, அப்படியே போனை எடுத்து செல்ஃபியும் எடுத்துக்கொண்டார். ஹாரன் அடித்த ஆளும் இறங்கி வந்து அந்தப் படத்தில் நின்றார்.

சனி: நாக்பூர் – நரசிங்பூர்

நாக்பூர் தாண்டி மன்சர், கவாசா. பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் ஓரத்தை நெடுஞ்சாலை கிழித்துக்கொண்டு போகும் இடம். நான்கு வழிச் சாலையாக அகலப்படுத்தியபோது காட்டை இரண்டாக வெட்டக் கூடாது என்று நீதிமன்றம் வரை போராட்டம் நடந்தது. கடைசியில் மகாராஷ்டிரப் பகுதியில் ஒன்பது இடங்களில் சாலையைத் தூக்கி, அடியில் விலங்குகளுக்கு வழி விட்டார்கள். பெரியது 750 மீட்டர் நீளம். இந்திய வனவிலங்கு நிறுவனம் வைத்த தானியங்கிக் கேமராக்களில் புலிகள் அந்த வழியே நடந்து போவது பதிவாகியிருக்கிறது. மத்தியப் பிரதேசப் பக்கம் சாலையோரம் உயரமான தடுப்புகள். வண்டிச் சத்தமும் ஹெட்லைட் வெளிச்சமும் காட்டுக்குள் போகாமல் இருக்க.

எங்கள் ஹெட்லைட்டுக்கு அந்தத் தடுப்பு தேவையே இல்லை என்பது சித்தப்பாவின் கருத்து. சைலன்சர் சத்தத்துக்கு வேண்டுமானால் இன்னொரு அடி உயர்த்தலாம்.

குராய் ஏற்றத்தில் புரசு பூத்திருந்தது. இலையெல்லாம் உதிர்த்த மரத்தில் ஆரஞ்சுப் பூ மட்டும். சத்புரா மலைச்சரிவு முழுக்க அதே நிறம். முப்பதில் ஏறியதால் மரம் மரமாகப் பார்க்க முடிந்தது. சிவனி சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதிய வெயிலிலும் முள் 80-க்குக் கீழே நின்றது. மேடு ஏறும்போது சூடு கூடும், ஏறி முடித்த பிறகு மேட்டின் காற்றே அதைத் தணித்துவிடும். ஓசூரில் பார்த்தது இங்கேயும் நடந்தது.

ஞாயிறு: நரசிங்பூர் – ஜான்சி

பர்மான் படித்துறையில் நர்மதை. சாகருக்குத் தெற்கே கடக ரேகையைத் தாண்டினோம். சாகரில் டைனமோ பெல்ட் கீச்சிட்டது, இறுக்கினோம். ஜான்சியில் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையும் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையும் வெட்டிக்கொள்கின்றன.

இங்கே உட்கார்ந்துதான் டெல்லிப் பிரச்சினையை எழுத வேண்டும். இந்தச் சாலை நேராக ஆக்ரா, மதுரா வழியே டெல்லிக்குப் போகிறது. ஆனால் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டியும் டெல்லி தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நடுவில் எத்தனையோ பேச்சு வந்தாலும் எங்கள் வண்டியின் வயதுக்கு எந்தச் சலுகையும் வந்து ஒட்டவில்லை. தலைநகர்ப் பகுதி என்றால் டெல்லி மட்டுமல்ல. ஹரியானாவின் பெரும்பகுதி, உத்தரப் பிரதேசத்தில் மீரட் வட்டாரம், ராஜஸ்தானில் அல்வரும் பரத்பூரும்கூட அதில் சேர்த்தி.

புகைச் சான்றிதழ் கையில் இருக்கிறது, வருடத்துக்கு சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது, இந்த வண்டியால் டெல்லி மூச்சுத் திணறப் போவதில்லை. இருந்தாலும் அந்த ஊரின் குளிர்காலக் காற்றைச் சுவாசித்தவர்களிடம் போய் அதை வாதாட எனக்கு மனமில்லை. சுற்றிப் போவோம்.

வரைபடத்தை விரித்து சித்தப்பா பென்சிலால் கோடு போட்டார். குவாலியர், தோல்பூர், கரௌலி, ஜெய்ப்பூர், ராஜஸ்தானின் ஷேகாவதி வட்டாரம். அங்கிருந்து ராஜ்கட் வழியே ஹிசாருக்கு நல்ல சாலை இருக்கிறது. ஆனால் நடுவில் பிவானி மாவட்டத்தைத் தொடுகிறது, அதுவும் தலைநகர்ப் பகுதி. ஆகவே இன்னும் மேற்கே ஒதுங்கி நோஹர், சிர்சா, பட்டிண்டா. ஜலந்தரில் மறுபடி 44.

திங்கள்: ஜான்சி – கரௌலி

குவாலியர் கோட்டைச் சரிவில் சதுர்புஜர் கோயில் என்று சின்னதாக ஒன்று, பாறையில் குடைந்தது. பொ.ஆ. 876-ஐச் சேர்ந்த கல்வெட்டில் பூஜ்யம் எழுதியிருக்கிறது, இன்று நாம் எழுதுகிற அதே வட்டமாக. ஒரு பூந்தோட்டத்தின் அளவையும், நாள்தோறும் கோயிலுக்குத் தர வேண்டிய மாலைகளையும் பற்றிய கணக்கு. பெரிய கோட்டையைப் பார்க்க வந்த கூட்டத்தில் இங்கே நின்றவர்கள் நாங்கள் மட்டும்.

மொரேனாவுக்கு வடக்கே சம்பல் பள்ளத்தாக்குகள். மண் மேடும் பிளவுமாகக் கண் எட்டும் தூரம் வரை. கொள்ளைக்காரர்கள் ஏன் இங்கே ஒளிந்தார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை. ஆறு மட்டும் தெளிவாக ஓடுகிறது. நீண்ட மூக்குள்ள கரியால் முதலைகளுக்கு இது சரணாலயம்.

ஆற்றைத் தாண்டித் தோல்பூர். குடியரசுத் தலைவர் மாளிகைக்கு மணற்கல் போனது இந்த வட்டாரத்திலிருந்துதான். டெல்லிக்குள் போக அனுமதியில்லாத வண்டி, டெல்லிக்குக் கல் போன குவாரிகளுக்கு நடுவே போயிற்று. சர்மதுரா பக்கம் செங்கல் லாரிகள் அல்ல, செந்நிறக் கல் லாரிகள். தூசியில் ஏர் ஃபில்டர் சிவந்துவிட்டது. கரௌலியில் அதைக் கழுவிக் காயப் போட்டிருக்கிறோம்.

செவ்வாய்: கரௌலி – நவல்கட்

ஜெய்ப்பூரை ஓரமாகத் தொட்டுக்கொண்டு சீகர், நவல்கட். நீண்ட நாள், சொல்ல அதிகமில்லை. ஹவேலிகளை, அதாவது பழைய வணிகர் மாளிகைகளை, நாளை பார்க்கிறோம்.

புதன்: நவல்கட் – பிலானி – டப்வாலி

டெல்லி வழி மூடியிருந்ததற்கு நன்றி சொல்ல வேண்டிய நாள்.

ஷேகாவதியின் மார்வாடி வணிகர்கள் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சம்பாதித்து, சொந்த ஊரில் ஹவேலி கட்டி, சுவர் முழுக்கச் சித்திரம் தீட்டினார்கள். கிருஷ்ணனும் ராமனும் யானையும் ஒட்டகமும் இருக்கும் அதே சுவர்களில் ரயில் ஓடுகிறது, கிராமஃபோன் பாடுகிறது, மோட்டார் கார் போகிறது. ஒரு ஹவேலியின் வெளிச்சுவரில் திறந்த கார் ஒன்றைப் பார்த்தேன். நான்கு சக்கரமும் ஒரே பக்கத்திலிருந்து தெரிகிறது, ஸ்டியரிங் வட்டம் நம்மைப் பார்த்து நேராக நிற்கிறது, ஓட்டுபவர் முறுக்கு மீசையோடு சாலையைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கிறார். வரைந்தவர் காரை நேரில் பார்த்திருக்கவே மாட்டார், யாரோ வாயால் சொன்னதைத்தான் வரைந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. "இல்லடா, டயர் ஸ்போக்கை எண்ணிப் பாரு, கரெக்டா இருக்கு" என்றார் சித்தப்பா. எண்ணிப் பார்த்தேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

ஜுன்ஜுனு தாண்டிப் பிலானி. இந்த ஊர்க்காரர்கள்தான் பிர்லாக்கள். அம்பாசிடரைச் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸை 1942-ல் தொடங்கியவர் பி.எம். பிர்லா. முதலில் குஜராத்தின் ஓக்கா துறைமுகத்தில் தொடங்கி, 1948-ல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவுக்கு மாறியது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசை மாடலின் உரிமையை வாங்கி, ஐம்பதுகளின் கடைசியில் அம்பாசிடர் என்று பெயர் வைத்து விற்றார்கள். 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது. அந்தப் பெயரை 2017-ல் 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பெஜோ கார் கம்பெனி வாங்கியது.

கார் பிறந்தது வங்காளத்தில் என்றாலும், அதற்குப் பணம் போட்டவர்களின் பூர்வீகம் இந்த மணல் காடு. ஊருக்குள் ஒரு பழைய வளைவு வாசல் முன்னால் நிறுத்தினோம். படம் எடுக்கலாமா என்று கேட்க வாய் திறப்பதற்குள் சித்தப்பா பானெட்டைத் திறந்து ஆயில் பார்க்கத் தொடங்கிவிட்டார். எல்லாப் படத்திலும் அவர் முதுகுதான் இருக்கிறது.

தாராநகர், நோஹர் வழியாகச் சிறு சாலை. மணல் மேடு, கேஜ்ரி மரம், ஒட்டக வண்டிக்கு லாரி டயர். சிர்சா வந்ததும் கால்வாயும் கோதுமையும். டப்வாலியில் இருட்டுவதற்குள் சேர்ந்துவிட்டோம்.

வியாழன்: டப்வாலி – பதான்கோட்

பட்டிண்டா கோட்டையில் 1240-ல் ரஸியா சுல்தானைச் சிறை வைத்தார்கள். செங்கல் கோட்டை, ஊர் நடுவில், கப்பல் போல. மோகா, ஜலந்தர், 44-ல் திரும்ப ஏறினோம். பஞ்சாபின் கோதுமை இன்னும் முழுக்கப் பழுக்கவில்லை. தரை மேசை மாதிரி சமம். முள் நாள் முழுக்க 82-லிருந்து அசையவில்லை, எனக்குத் தூக்கமே வந்துவிட்டது.

பதான்கோட்டில் முக்கியமான வேலை. இதுவரை ரேடியேட்டரில் வெறும் சுத்திகரித்த தண்ணீர்தான். கிளைகால் (தண்ணீர் உறையாமல் தடுக்கும் ரசாயனம்) கலந்த கூலன்ட் பழைய பாக்கிங்குகளில் கசியும் என்று சித்தப்பா தள்ளிப்போட்டிருந்தார். ஆனால் பள்ளத்தாக்கில் மார்ச் இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடலாம். தண்ணீர் உறைந்து விரிந்தால் எஞ்சின் பிளாக்கே விரிசல் விடும். அந்தக் காலத்து மலை டிரைவர்கள் ராத்திரி ரேடியேட்டரைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுப் படுப்பார்கள், காலையில் வெந்நீர் ஊற்றுவார்கள். நாங்கள் பாதிக்குப் பாதி கூலன்ட் ஊற்றினோம். ஒரு ஹோஸில் துளி துளியாகக் கசிந்தது; கிளாம்பை இறுக்கியதும் நின்றது.

வெள்ளி: பதான்கோட் – ஜம்மு – செனானி

ராவியைத் தாண்டி லகன்பூர், ஜம்மு. அதற்கப்புறம் சமதளம் முடிந்தது. உதம்பூர் வரை வளைவுகள், புதுச் சாலை வேலை, பைன் மரங்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது, பெட்ரோல் மட்டும் அதே அளவு போகிறது. கார்புரேட்டர் ஸ்குரூவைக் கால் சுற்று திருப்பினார்.

சனி: செனானி – ஸ்ரீநகர்

செனானி–நாஷ்ரி சுரங்கம், 9 கிலோமீட்டருக்கு மேல். 2017-ல் திறந்தார்கள், பட்னிடாப் மலையைச் சுற்றி ஏறி இறங்கும் சுமார் 30 கிலோமீட்டர் மிச்சம். உள்ளே நுழைந்ததும் எங்கள் எஞ்சின் சத்தம் சுவரில் மோதித் திரும்பி, பத்து அம்பாசிடர் போவது மாதிரி கேட்டது. கண்ணாடியை ஏற்றினால் சூடு, இறக்கினால் எங்கள் புகையே எங்களுக்கு.

ராம்பன் பக்கம் மண் சரிந்து ஒரு வழி மட்டும் விட்டிருந்தார்கள். எதிர்த்திசை வண்டிகள் போய் முடியும் வரை காத்திருப்பு. மேலே சரிவிலிருந்து சின்னக் கற்கள் உருண்டுகொண்டே இருக்க, கீழே செனாப் கலங்கி ஓடியது. வரிசையில் நான்கைந்து வண்டிக்கு முன்னால் டி.என். 28 லாரி. நாமக்கல்! டிரைவரும் கிளீனரும் இறங்கி ஓடி வந்தார்கள்.

"அண்ணே, இதுலயா வந்தீங்க?"

"ரேடியேட்டர் உங்க ஊர்ல அடிச்சது" என்றார் சித்தப்பா.

பட்டறை எது என்று விசாரித்தார்கள், தெரிந்த பட்டறை. அப்புறம் டிரைவர் பனிஹால் வரை சாலை எங்கே எப்படி இருக்கிறது என்று வளைவு வளைவாகச் சொன்னார். கடைசியில் ஒரு வார்த்தை: "ஏறுன கியர்லயே இறங்குங்க, டிரம் பிரேக்கை நம்பாதீங்க." சித்தப்பா எனக்குப் பயணம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தது இதைத்தான். அன்னியர் வாயிலிருந்து வந்ததும் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

பனிஹாலிலிருந்து காசிகுண்ட் வரை 8.5 கிலோமீட்டர் புதுச் சுரங்கம், 2021-ல் திறந்தது. அதற்கு மேலே, சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், பழைய ஜவாஹர் சுரங்கம். அது 1956-ல் திறந்தது. அம்பாசிடர் விற்பனைக்கு வந்தது அதற்கு ஒன்றிரண்டு வருடம் கழித்து. பல வருடங்கள் காஷ்மீர் டாக்சி என்றாலே அந்தச் சுரங்கத்தில் ஏறி வந்த அம்பாசிடர்தான்.

காசிகுண்டில் வெளியே வந்ததும் பள்ளத்தாக்கு. பனி மூடிய மலைகள் தூரத்தில், பக்கத்தில் இலையில்லாப் பாப்ளார் மரங்கள், இடையிடையே பாதாம் மொட்டு. முள் 60-க்கு இறங்கிவிட்டது, ஏறவே மாட்டேன் என்கிறது. எஞ்சின் சூடாகாமல் இழுவை குறைந்து உறுமியது. சித்தப்பா வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, டிக்கியிலிருந்து பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, கிரில்லுக்குப் பின்னால் ரேடியேட்டரின் பாதியை மூடிச் செருகினார். கொஞ்ச தூரத்தில் முள் 78. தொப்பூரில் காற்றுக்கு ஏங்கிய ரேடியேட்டரைக் காற்றுப் படாமல் போர்த்திக்கொண்டு ஸ்ரீநகருக்குள் நுழைந்தோம்.

ரூமுக்கு வெளியே நிறுத்திய அரை மணிக்குள் ஃபெரன் என்ற காஷ்மீர் நீள அங்கி அணிந்த பெரியவர் ஒருவர் வந்தார். இருபது வருடம் அம்பாசிடர் டாக்சி ஓட்டினாராம். சாவி கேட்கவில்லை, பானெட்டைத் திறக்கச் சொன்னார். அட்டையைப் பார்த்துச் சிரித்து, இன்னும் இரண்டு விரல் அகலம் மூடலாம் என்று கையால் காட்டினார். சித்தப்பாவுக்கு இந்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் சுத்தமாக இல்லை. வால்வுகளைத் தள்ளும் டேப்பட்டின் சத்தத்தைப் பற்றி இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

நாளையும் மறுநாளும் மழை என்று அறிவிப்பு. ராம்பன் பக்கம் சாலையை மூடினாலும் மூடுவார்கள். மூடட்டும். வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வு இடைவெளி, பார்க்க ஒரு முழு நாள் வேண்டும் என்று சித்தப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார். பெரியவர் காலை எட்டு மணிக்கு அந்த இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜோடு வருகிறாராம்.